வைடன்ஃபுர்ட்டில் உயிரோடு இருப்பவர்கள்

தாமுவே, ரங்கூன்
1997, செப்டம்பர்

அன்பு மகன் நியாஸுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தின் ஒன்பது பக்கத்திலும் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. மைன் ஆறு நலம். அதன் கரையில் இருக்கிற மலை நலம். ஊர் மண்டபத்துச் சுவர் நலம். உன் காய்ச்சல் விட்டதா என்று அம்மா போன தடவை கேட்டிருந்தாள், அதற்குப் பதில் இல்லை.

இங்கே மழை இன்னும் விடவில்லை. தாமுவே சந்தைத் தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர், வடிகிறது, மறுபடி நிற்கிறது. கடையின் கீழ்த்தட்டில் இருந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டேன். மழைக்காலத்தில் யாருக்கும் கண் மங்குவதில்லை போலிருக்கிறது, வியாபாரம் மந்தம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஈரத்தில் கூடுகிறது, தைலம் தேய்த்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். எதிர்வீட்டுத் தஸ்தகீர் அடுத்த வாரம் கப்பலேறுகிறான், இதைச் சிங்கப்பூரில் தபாலில் போடுவான். ஆகவே கொஞ்சம் மனம்விட்டு எழுதலாம். முழுக்க அல்ல. எண்பத்தெட்டு மாணவர் கலவரத்துக்குப் பிறகு புறப்பட்டுப் போன பிள்ளைகளில் நீ ஒருவன், திரும்பி வர வழியில்லை, அது எங்களுக்கும் தெரியும், பெண் வீட்டாருக்கும் தெரியும். அதற்கு மேல் காகிதத்தில் வேண்டாம். நான் எழுத வந்தது வேறு. எரிச்சலோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ வரிகளுக்கு நடுவே தேடிச் சிரமப்பட வேண்டாம்.

நாங்கள் உன்னிடம் கேட்டது சின்ன விஷயம். டாலாவில் அப்துல் பாரியின் மகள் மிஸ்பாவை உனக்குப் பேசியிருக்கிறோம், நீயும் புகைப்படம் பார்த்துச் சரி என்று எழுதினாய். நிக்காஹ் உன் சார்பில் வக்கீல் வைத்து இங்கே நடக்கும், பெண் அங்கே வந்து சேர்வாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது, ஊர் விசாரிப்பது. பெண்ணை வெளியூரில் கொடுப்பதாக இருந்தால் வீட்டிலிருந்து ஒருவர் அந்த ஊருக்குப் போக வேண்டும். இரண்டு நாள் தங்கி, அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து பேசி, திரும்பி வந்து எல்லோரும் கூடியிருக்கையில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையை விசாரிப்பது தனி, ஊரை விசாரிப்பது தனி. மூத்த பெண்ணை மௌல்மீனில் கொடுத்தபோது அப்துல் பாரியின் அக்கா நூருன்னிசா ரயிலேறிப் போனார். வந்து அவர் சொன்னது இன்னும் டாலாவில் பேச்சு. "கெணத்துத் தண்ணி உப்பு. பக்கத்து வூட்டுக்காரி வாய்க்காரி. ஆனா ஒரு புள்ள வீல்னு அழுதப்ப அவதான் மொதல்ல ஓடியாந்தா. கொடுக்கலாம்." அவ்வளவுதான். கொடுத்தார்கள். ஜெர்மனிக்கு யார் போவது. விசா யார் தருவது. ஆகவே அப்துல் பாரி பெரிய மனது பண்ணி, மாப்பிள்ளையே தன் ஊரைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம் என்றார். அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் தராத சலுகை. அதைத்தான் உனக்கு எழுதினேன், உன் ஊரைப் பற்றி விவரமாக எழுது, பெண் வீட்டில் வாசிக்க வேண்டும் என்று. விவரமாக என்று போட்டது நான்தான். இல்லாவிட்டால் நான்கு பக்கத்தோடு விட்டிருப்பாயோ என்னவோ.

நீ எழுதியது என்ன. வைடன்ஃபுர்ட், மைன் ஆற்றின் வலது கரை, எர்ல் என்ற சிற்றாறு வந்து கலக்கிற மூலை. மேற்கே போக வேண்டிய ஆறு அந்த இடத்தில் மலையில் முட்டித் தெற்கே திரும்பி மறுபடி வடக்கே வளைந்து ஊரை மூன்று பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது. மலை சிவப்பு மணற்கல், அந்தக் கல்லால் கோட்டை, பாலம், தேவாலயம், மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி வரைக்கும். ஆழம் குறைந்த இடமாக இருந்ததால் ஆட்கள் ஆற்றைக் கடந்தார்கள், கடந்ததால் ஊர் உண்டானது, ஊர் உண்டானதும் ஒரு பிரபு வந்து மலைமேல் உட்கார்ந்தான், ஆற்றின் குறுக்கே சங்கிலி போட்டுப் படகுகளை நிறுத்திச் சுங்கம் வாங்கினான். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டில் நம் ஆடி மாதக் கணக்கில் வந்த வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோனது. பிறகு கொள்ளைநோய். பிறகு முப்பது வருஷச் சண்டை, கோட்டை எரிந்தது, இன்றுவரை கூரையில்லை. ஆயிரத்து எழுநூற்று எண்பத்து நான்கில் உறைந்த ஆறு உடைந்து பனிப்பாறைகள் தெருவுக்குள் வந்தன. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஊர் மண்டபத்துச் சுவரில் ஒரு கோடும் வருஷமும் வெட்டியிருக்கிறார்கள். கடைசி யுத்தத்தில் பாலத்தை அவர்கள் படையே வெடிவைத்துத் தகர்த்தது. பிறகு கிழக்கேயிருந்து கண்ணாடி ஊதும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன, வெப்பமானியும் ஆய்வுக்கூடக் குழாயும் செய்கிற தொழிற்சாலை எழுந்தது. அந்தத் தொழிற்சாலையில்தான் நீ வேலை செய்கிறாய். அதை எழுதவில்லை. வேறொரு கடிதத்தில் நீ கையைச் சுட்டுக்கொண்டதாக எழுதியதை வைத்து நானாகத் தெரிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதை இரண்டு தடவை வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நான் யுனிவர்சிட்டியில் சரித்திரம் படித்தது இரண்டு வருஷம், அறுபத்துநாலில் என் அத்தாவின் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நின்றுபோனது. இந்த ஒன்பது பக்கத்தை அங்கே ஒரு வாத்தியார் எனக்குச் சொல்லியிருந்தால் அவரை மறந்திருக்க மாட்டேன். அதனால்தான் எரிச்சல் கூடுகிறது. எனக்குப் பிடித்த பண்டத்தை நான் பத்தியம் இருக்கும் நாளில் அனுப்பியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு டாலாவுக்குப் படகேறினேன். ஆறு கலங்கல், நெருக்கடி, கோழிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போனோம். அக்கரையில் இறங்கிச் சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்ஷாவில் அம்மாவை உட்காரவைத்து நான் கூடவே நடந்தேன், சேறு. அப்துல் பாரியின் கடை துறைக்குப் பக்கத்தில், படகுக் கயிறு, தார்ப்பாய், மண்ணெண்ணெய் விளக்கு. கடைக்குப் பின்னால் வீடு. எங்களுக்காகச் சேற்றின்மேல் பலகை போட்டிருந்தார்கள். ஊறவைத்த தேயிலைத் தட்டு, தேத்தண்ணி, ஏலக்காய் மணம். ஆண்கள் முன்னறையில், பெண்கள் உள்ளே, நிலைப்படி ஓரத்தில் இரண்டுக்கும் பொதுவாக நூருன்னிசா. படகிலேயே அம்மா சொல்லியிருந்தாள், முதல் பக்கத்தை மட்டும் வாசியுங்கள், மீதியை வாயால் சொல்லி முடித்துவிடுங்கள் என்று. எனக்கும் அதுதான் உத்தேசம். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்ததுமே நூருன்னிசா, "நல்லாத் தடியா இருக்கே. முழுசாப் படிங்கண்ணே, நாங்க எங்கேயும் போவலே" என்றார். பிறகு நான் என்ன செய்ய. அந்த வீட்டில் பாதியில் நிறுத்தினால் மறைக்கிறான் என்று பொருள். வாசித்தேன்.

தொடக்கம் மோசமில்லை. அப்துல் பாரி ஆற்றங்கரைக்காரர், வளைவும் சேர்க்கையும் அவருக்குப் புரிகிறது. மூன்று பக்கமும் ஆறு என்றதும், "அப்ப நாலாவது பக்கம்" என்றார். மலை என்றேன். "தண்ணி வந்தா ஏறிக்கலாம்" என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். சங்கிலி போட்டுப் படகை நிறுத்திக் காசு வாங்கினார்கள் என்ற இடத்தில் "அங்கேயுமா" என்றார், எல்லோரும் சிரித்து, ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம் என்று நீ அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். எந்த வீட்டில் வாசிக்கப்போகிறோம் என்று யோசித்தாயா. "திங்கிறதுக்கா விக்கிறதுக்கா" என்று அப்துல் பாரி கேட்டார். விற்பதற்கு என்றேன், பொய்யில்லை, மதுவாக்கி என்பதை மட்டும் விட்டுவிட்டேன். உள்ளேயிருந்து அம்மா இருமினாள். பிறகு வெள்ளம், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு கோடும் என்ன உயரம் என்று அளந்தே எழுதியிருக்கிறாய், நான் எழுந்து நின்று என் இடுப்பு, என் தோள், தலைக்கு மேல் ஒரு முழம் என்று சுவரில் கைவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. எத்தனை தடவைதான் வரும் என்று உள்ளே ஒரு பெண் முனகினாள். "வர்றது தண்ணியோட வேலை. கோடு போட்டு வெச்சுக்கிட்டு அங்கேயே குந்தியிருக்காங்க பாரு, அவங்களைக் கேளு" என்றார் நூருன்னிசா. கொள்ளைநோய்க்கு வரும்போது சமோசா வந்தது, யாரும் எடுக்கவில்லை. பாலம் தகர்ந்த பிறகு கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய வடத்தைப் பிடித்துப் பல வருஷம் படகு ஓடியது என்ற இடத்தில்தான் அப்துல் பாரிக்கு உயிர் வந்தது. கயிறா கம்பியா, என்ன தடிமன், அந்தப் பக்கம் எதில் கட்டினார்கள், மழைக்காலத்தில் அவிழ்த்துவிடுவார்களா. எனக்கு என்ன தெரியும். பிஷப்புகளின் பெயரை வரிசையாக எழுதத் தெரிந்திருக்கிறது உனக்கு, பெண்ணைப் பெற்றவர் கயிறு விற்கிறவர் என்பது மறந்துபோயிருக்கிறது.

ஏழாம் பக்கத்தில் அந்த வரி. மலைச்சரிவில் யூதர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஐந்நூறு வருஷத்துக் கற்கள், இன்று ஊரில் அவர்களில் ஒருவரும் இல்லை. ஒரே வரியில் எழுதிவிட்டுக் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போய்விட்டாய். நானும் அதே வேகத்தில் தாண்டிவிடப் பார்த்தேன். நூருன்னிசா கையை உயர்த்தினார். அவரை நீ பார்த்ததில்லை, சொல்கிறேன். டாலா சந்தையில் துணிக்கடை, பேரம் பேசினால் துணியைப் பிடுங்கி மடித்து வைத்துவிடுவார். ஊரில் பெண் யாராவது மௌத்தானால் உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்ற முதலில் ஆள் ஓடுவது அவரிடம்தான். கடையை அப்படியே போட்டுவிட்டுப் போவார். அவர் கேட்டார், "அவங்கள்லாம் எங்கே போனாங்க." சொன்னேன். ரயிலேற்றிக் கொண்டுபோனதையும் கொன்றதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்தபோது காட்டு வழியே நடந்து போனவர்களின் பிள்ளைகள் அந்த அறையில் இருந்தார்கள், அறுபத்துநாலில் கப்பலேறியவர்களின் தம்பிகள் இருந்தார்கள். யாரும் எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. பிறகு நூருன்னிசா, "அண்ணே, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த ஊர்லே நம்ம புள்ள மௌத்தாயிட்டா யாரு குளிப்பாட்டுவா" என்றார். அப்துல் பாரிக்கு முகம் சுருங்கிவிட்டது, கல்யாணப் பேச்சில் என்ன பேச்சு இது என்றார். "இதுதான் பேச்சு. தண்ணி ஊத்த ஒரு பொம்பளை வேணும், புடிக்க இன்னும் ரெண்டு பேர் வேணும். அந்த மூணு பேர் இருக்கிற ஊர்னா, பெத்தாப் பாக்கவும் ஆள் இருக்கும், அழுதாக் கேக்கவும் ஆள் இருக்கும். இல்லேன்னா கோட்டை இருந்து என்ன, கொத்தளம் இருந்து என்ன." நான் விடவில்லை, ஜெர்மனி முழுக்கத் துருக்கிக்காரர்கள் இருக்கிறார்கள், இந்த ஊரிலும் நான்கு குடும்பம் இல்லாமலா போகும், பக்கத்தில் பள்ளிவாசலே இருக்கும் என்றேன். தம்பி எழுதியிருக்கா என்று கேட்டார். இல்லை, நான் நினைக்கிறேன் என்றேன். "நீங்க நெனைக்கிறது நல்ல நெனப்புண்ணே" என்று தன் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மீதிப் பக்கங்களை வாசித்தேன், வாசித்தது எனக்கே கேட்கவில்லை.

அவர்கள் மறுக்கவில்லை. நோன்பு தொடங்குவதற்குள் பதில் வரட்டும், பார்க்கலாம் என்றார்கள். லைங் தாயாவில் தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிற ஒரு பையனுக்கும் மிஸ்பாவைக் கேட்டிருக்கிறார்கள் என்று வாசலில் வைத்து அப்துல் பாரி என்னிடம் மெதுவாகச் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்கு அவரை மதிக்கிறேன். அந்த ஊரை விசாரிக்க நூருன்னிசா பஸ்ஸேறினால் போதும். திரும்பும் படகில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், நடு ஆற்றில்தான் வாய் திறந்தாள். முதல் பக்கத்தோடு நிறுத்தச் சொன்னேனே, கேட்டீர்களா என்பதில் தொடங்கி, "ஒம்பது பக்கம் எழுத நேரம் இருக்கு, சாப்பிட்டேன்னு ஒரு வரி எழுத நேரமில்லே. இந்தச் சரித்திரமெல்லாம் எங்க வூட்டுப் பக்கம் கெடையாது, உங்க வழியா வந்தது" என்று முடித்தாள். பக்கத்தில் நின்ற கோழிக்காரர் தமிழ் தெரிந்தவர், எனக்காக வருத்தப்பட்டதுபோலப் பார்த்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு நாலு வரி திட்டி எழுதிவிட்டுத் துருக்கிக்காரர்களைப் பற்றிக் கேட்டிருப்பேன். வியாழக்கிழமை மிஸ்பாவே கடைக்கு வந்தாள். தாமுவேயில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறாள், தினமும் அக்கரையிலிருந்து வந்து போகிறவள். கடிதத்தை அன்றைக்கு அவள்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாளாம், திருப்பித் தர வந்தாள். மாமா என்று வாயில் வரவில்லை, பர்மிய வழக்கத்தில் ஊலே என்றாள், பிறகு திருத்திக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது. மூன்று நாள் சாயங்காலம் அவள் அத்தாவை உட்காரவைத்து வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்துல் பாரி கடை மூடிய களைப்பில் பிஷப்புகளை வாசித்ததை நினைத்துப் பார். அந்தச் சுவர்க் கோடுகள் தனக்குப் பிடித்தன என்றாள், எங்கள் துறையில் யாரும் அப்படிப் போட்டு வைக்கவில்லை, எந்த வருஷம் எவ்வளவு வந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றாள். நான் சந்தோஷப்பட்டு, உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பாதி பர்மிய பாஷையிலும் பாதி தமிழிலுமாகச் சொன்னாள், நான் தமிழிலேயே எழுதுகிறேன். "எல்லாப் பக்கமும் கேட்டுட்டேன் மாமா. செத்தவங்க நெறைய இருக்காங்க, பேரோட இருக்காங்க. உசிரோட ஒருத்தர்கூட இல்லே. ரொட்டி விக்கிறவர் பேர் இல்லே, பக்கத்து வூடு இல்லே, கூட வேலை செய்யறவங்க இல்லே. அவருக்கு அங்கே யாரையும் தெரியாதா, இல்லே தெரிஞ்சவங்களைச் சொல்ல முடியாதா." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினாள், மரியாதையாகத்தான். "யாரும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லட்டும். ஆளில்லாத ஊருக்குப் போக எனக்குப் பயம் இல்லே, ரெண்டு பேராப் போயி நாலு பேரைத் தேடிக்கலாம். ஆள் இருந்து மறைச்சார்னா நான் வரலே. நூருன்னிசா மாமி கேட்டதுக்கும் இதுதான் பதில், எனக்கும் இதுதான்." அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள், மூக்கில் நிற்கவில்லை, வைத்துவிட்டாள். படகுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. அதனால் உன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறேன்.

அவள் போன பிறகு கடிதத்தை மறுபடி எடுத்தேன். அவள் சொன்னது சரி. ஒரு கடைக்காரர் இல்லை. ஒரு சண்டை இல்லை. ஒரு கல்யாண வீடு, ஒரு குழந்தை, உன்னைப் பார்த்துக் குரைக்கிற ஒரு நாய்கூட இல்லை. அம்மாவிடம் இதுவரை நான் வாய்திறக்காத ஒன்றை உன்னிடம் கேட்கிறேன். பெருநாளன்று தந்தி ஆபீசில் வரிசையில் நின்று உன்னைப் போனில் கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்தாள். நான் உன் பெயரைச் சொன்னேன், அவள் அதைத் திருப்பிச் சொல்லி உன்னை அழைத்தாள், நாங்கள் வீட்டில் உன்னை அழைக்கிற அதே இழுப்பில். நீ வந்து வீட்டுக்கார அம்மாள் என்றாய். சரி என்றேன். வீட்டுக்கார அம்மாள் என்றால் அவர் பெயரை எழுது, என்ன வயது, எத்தனை பிள்ளைகள், உன்மேல் எதற்கெல்லாம் சத்தம் போடுவார், எழுது. நூருன்னிசாவுக்கு அது போதும், ஒரு பெண் இருக்கிறாள் என்று தொடங்குவார். வேறு யாராவது என்றால் அதைத் தனித் தாளில் எனக்கு எழுது. யாருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன். நானே டாலாவுக்குப் போய் அப்துல் பாரியிடமும் மிஸ்பாவிடமும் நேரில் சொல்லிவிட்டு வருவேன், அவர்கள் இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது. கோபப்படுவேன். அம்மா அழுவாள், அழுது முடித்துவிட்டு அந்தப் பெண் மீன் சாப்பிடுவாளா என்று கேட்பாள். அதெல்லாம் எங்களுக்குச் செய்யத் தெரிந்த வேலைகள், செய்துவிடுவோம்.

எனக்குச் செய்யத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக அளந்ததாக எழுதியிருக்கிறாய். மறு ஞாயிறு போய்ச் சரிபார்த்ததாகவும் எழுதியிருக்கிறாய். டாலாவில் வாசித்தபோது, இவனுக்கு வேறு வேலையில்லையா என்று எரிச்சல் வந்தது. இப்போது அதே வரியை வாசித்தால் எரிச்சல் வரவில்லை. லீவு நாளில் இரண்டு வாரம் தொடர்ந்து ஒருவன் ஏன் ஒரு சுவரிடம் போகிறான். கூப்பிட ஒரு வீடு இருந்தால் போயிருக்க மாட்டாய். இத்தனை வருஷம். பெண் இருந்தால் அதற்கு ஒரு கோபம் இருக்கிறது, நான் பட்டு முடிப்பேன். யாருமே இல்லை என்று நீ எழுதினால் இங்கிருந்து நான் என்ன செய்வேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஆகவே பதிலை உடனே எழுதாதே. முதலில் வெளியே போ. வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் லீவு கேட்டுக்கொண்டு, எந்த ஊரில் ஜும்ஆ நடக்கிறதோ அங்கே போ, பஸ்ஸோ ரயிலோ. தொழுதுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடாதே, வாசலில் நில். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஸலாம் சொல், உன் பெயரைச் சொல், அவர் பெயரைக் கேள், சாப்பிடக் கூப்பிட்டால் போ, எனக்கு வேலையிருக்கிறது என்று சொல்லாதே. கூடப் பட்டறையில் நிற்கிறவர் கிறிஸ்தவராக இருந்தாலும் சரி, அவர் மனைவி பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேள். உன் ஜெர்மன் பாஷையில் பிஷப்புகளைப் படிக்க முடிகிறதென்றால் இதையும் கேட்க முடியும். அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுது. ஒரு பக்கம் போதும். சரித்திரம் வேண்டாம், மிச்சம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்பு, கடையில் வாசித்துக்கொள்கிறேன்.

அல்லாஹ் உன் உடம்புக்குச் சுகத்தையும் உன் வாசலுக்கு மனிதர்களையும் தருவானாக. அம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள், தலையில் எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். நோன்பு பிறப்பதற்குள் கடிதம் வந்து சேர வேண்டும், தபாலுக்கு எத்தனை நாள் என்பதை மறந்துவிடாதே. மிஸ்பாவுக்குத் தேவைப்படுவது நிறையப் பெயர்கள். எனக்கு ஒன்று போதும்.

உன் அத்தா
சாதிக் பாட்சா